பேர்னஸ் திருத்த வருபவரை நம்பலாமா?

ரொறன்ரோவில் வீடு வாங்கிய முதற் குளிர்காலத்திலேயே எங்கள் பேர்னஸ் நின்றுபோனது. திருத்த வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இது ஆபத்து, புதிதுதான் போடவேண்டும்" என்று ஒப்பந்தத்தை நீட்டினார். பிள்ளைகள் போர்வைக்குள் நடுங்க, நானும் பேனாவை எடுத்துவிட்டேன். மனைவிதான் தடுத்தார். மறுநாள் வந்த வேறொருவர் தூசி அடைத்த பில்டரை மாற்றினார். பேர்னஸ் ஓடத் தொடங்கியது!

எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். ஒன்ராறியோவில் காஸ் வேலை செய்பவரிடம் ரீ.எஸ்.எஸ்.ஏ. சான்றிதழ் இருக்கவேண்டும். காட்டச் சொல்லிக் கேளுங்கள்; ஊரில்தான் கேட்கக் கூச்சப்படுவோம். உண்மையில் ஆபத்தென்றால் சிவப்பு அட்டை கட்டி, காரணத்தை எழுதித் தரவேண்டும். 'ஏ' வகையென்றால் காஸை உடனே நிறுத்திவிடுவார். அதில் வாதாட வேண்டாம். காபன் மொனொக்சைட் மணமில்லாமலே கொல்லும். 'பி' வகையென்றால் திருத்தத் தவணை உண்டு. இன்னொருவரைக் கூப்பிட்டு விலை கேட்க அது போதும்.

வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டு விட்டீர்களா? ஒப்பந்தப் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள், காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். அழைக்காமல் கதவைத் தட்டி பேர்னஸ் விற்பதோ 2018 மார்ச்சிலிருந்தே தடை. வருபவர் கழுத்தில் எந்த அட்டை தொங்கினாலும் கதவைத் திறக்கவேண்டியதில்லை.