சாப்பிட்டும் சோர்வு ஏன்?



"மூணு வேளையும் சாப்பிடத்தான் செய்யுறேன். ஆனா குடத்தைத் தூக்கி இடுப்புல வச்சா மூச்சு வாங்குது. நாலு படி ஏறுனா நெஞ்சு படபடங்குது." இந்தப் பேச்சைக் கீரனூர்ப் பக்கத்திலும் கேட்கிறோம், அறந்தாங்கிப் பக்கத்திலும் கேட்கிறோம். சொல்கிறவர் பெரும்பாலும் கர்ப்பிணியாகவோ கைக்குழந்தைக்காரராகவோ இருப்பார். கூட வந்த மாமியார், "எல்லாம் சோம்பல்தான். நாங்கள்லாம் நெறமாசத்துல நாத்து நட்டோம்" என்பார்.

சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள் அம்மா. சோறு வயிற்றுக்குள் போனவுடன் அது பலமாக மாறிவிடுவதில்லை. பலமாக மாறுகிற இடம் வேறே இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது, நர்ஸம்மா கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கு அங்கே என்ன வேலை என்பதைத்தான் இந்தப் பிரசுரத்தில் சொல்லப் போகிறோம்.

சோறு போகும் வழி

ஒரு பிடி வெறுஞ்சோற்றை வாயில் போட்டு, அவசரப்படாமல் மென்றுகொண்டே இருங்கள். சற்று நேரத்தில் லேசாக இனிக்கும். சர்க்கரை போடாத சோறு எப்படி இனித்தது? உமிழ்நீரில் உள்ள ஒரு பொருள் சோற்றின் மாவை அறுத்துச் சர்க்கரையாக்கிவிட்டது. இப்படி ஒரு பொருளை வேறொரு பொருளாக மாற்றிக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் தேயாமல் அடுத்த வேலைக்குத் தயாராக நிற்கும் பொருளுக்கு நொதி என்று பெயர். டாக்டர்கள் என்சைம் என்பார்கள். வாயில் தொடங்கிய வேலை குடலில் முடிகிறது. சோறு குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் அதை உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

நம் உடம்பு செல்களால் ஆனது. ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் செல் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான வகை நொதிகள் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலைதான். பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி, தனக்கு உரிய பொருளை மட்டும் பிடித்து மாற்றும்.

நொதியின் குணத்தை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறீர்கள். பாலில் உறை ஊற்றுகிறீர்கள். சித்திரையில் சில மணி நேரத்தில் தயிராகிவிடுகிறது. மார்கழிக் குளிரில் விடிந்தும் பாலாகவே இருக்கிறது. கொதிக்கிற பாலில் ஊற்றினாலோ உறையவே உறையாது. உறைமோரில் உள்ள நுண்ணுயிர்களும் பாலின் சர்க்கரையைத் தங்கள் நொதிகளால் உடைத்துத்தான் பிழைக்கின்றன. தயிரின் புளிப்பு அவை கழித்துவிட்ட மிச்சம். குளிரில் நொதி மந்தமாகும், கொதியில் கெட்டுப் போகும். நம் உடம்பு வெயிலிலும் பனியிலும் 37 டிகிரி செல்சியஸ் சூட்டை விடாமல் காப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செல்லுக்குள் ஓர் அடுப்பு

விறகு எரிய என்ன வேண்டும்? காற்று வேண்டும். அடுப்பை அடைத்து வைத்தால் புகைதான் மிஞ்சும். செல்லுக்குள்ளும் அப்படித்தான். அங்கே மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டிக் குட்டி அடுப்புகள் இருக்கின்றன. குளுக்கோஸ் விறகு. மூச்சில் இழுத்த பிராணவாயு காற்று. ஒரு வித்தியாசம் உண்டு. நம் வீட்டு அடுப்பில் விறகு ஒரே மூச்சில் எரிந்து சூடு மேலே போய்விடுகிறது. செல்லில் இருபதுக்கும் மேற்பட்ட நொதிகள் வரிசையாக நின்று, ஒருவர் கைமாற்றி ஒருவருக்குச் செங்கல் கொடுப்பது போல, குளுக்கோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, அதில் உள்ள சக்தியைச் சிறு சிறு பங்காக எடுத்து வைக்கின்றன.

அந்தச் சிறு பங்குதான் ஏ.டி.பி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சந்தையில் பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்க ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரம்மா என்ன சொல்வார்? "சில்லறையாக் குடு தாயி" என்பார். செல்லும் அதையேதான் கேட்கிறது. சோறு, பருப்பு, எண்ணெய் எல்லாம் பெரிய நோட்டு. ஏ.டி.பி. சில்லறை. கை அசைய, இதயம் துடிக்க, வயிற்றுப் பிள்ளை வளர, எல்லாச் செலவுக்கும் இந்தச் சில்லறைதான். கையிருப்போ மிகக் குறைவு. தசையில் இருக்கிற ஏ.டி.பி. சில வினாடி வேலைக்குத்தான் காணும். ஆகவே செல் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளில் நாம் செலவழித்துச் செலவழித்துத் திரும்பச் செய்துகொள்ளும் ஏ.டி.பி.யை எடை போட்டால் ஏறத்தாழ நம் எடை அளவுக்கே வரும்!

பிராணவாயு சரியாகக் கிடைத்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். (உங்கள் பிள்ளையின் பாடப் புத்தகத்தில் 36 அல்லது 38 என்று இருந்தால் அது பழைய கணக்கு.) பிராணவாயு இல்லாமல் உடைத்தால்? இரண்டே இரண்டு. அதே சோறுதான். வரவு மட்டும் முப்பதுக்குப் பதில் இரண்டு.

நம் மாவட்டத்துத் தாய்மார்களுக்கு சைக்கிளை வைத்துச் சொன்னால் இது இன்னும் விளங்கும். 1991-92ல் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் உடைத்தவர்களும் கற்றார்கள், அங்கன்வாடிப் பணியாளர்களும் கற்றார்கள். அப்போது ஓட்டியவர்கள் இன்று பாட்டிமார்கள். அவர்களைக் கேளுங்கள். முதல் மிதி லேசாகப் போகும். அது தசையில் இருந்த கையிருப்பு. மேடு ஏறும்போது மூச்சு இரைக்கும். பிராணவாயு இன்னும் கொடு என்று தசை கேட்கிறது. அதைக் கொண்டுவரும் ரத்தத்தில் வலு இல்லாவிட்டால், பாதி மேட்டில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

சென்னையில் படித்த ஒரு டாக்டர்

ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ல் பீமவரத்தில் பிறந்தார். அது அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. காந்தியடிகள் சொல் கேட்டு ஆபரேஷன் அறைக்கும் கதர் உடுத்திப் போனதால் பேராசிரியருக்கு அதிருப்தி. முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. 1922ல் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் படித்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துப் பிழைத்தார். ஃபிஸ்கே என்ற பேராசிரியருடன் சேர்ந்து 1927ல் தசையின் அவசரக் கையிருப்பான பாஸ்போகிரியாட்டினையும் 1929ல் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார். ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதே ஆண்டு ஏ.டி.பி.யைத் தனியே கண்டார்.

கதை இத்துடன் முடியவில்லை. சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். அவருக்கும் அந்த நோய் வந்து பிழைத்தார். அந்த நோயில் ரத்தமும் கெட்டுப்போகும். 1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்டிலிருந்து எடுத்த சாறு அதைத் தீர்ப்பதைக் கண்டார். சாற்றில் இருந்தது ஃபோலிக் அமிலம். 1945ல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது சுப்பாராவ் தலைமையில் இருந்த குழு. ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. 1948ல் அவர் காலமானார்.

உங்களுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துப் பாருங்கள். அதில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. புது ரத்த அணுக்கள் உண்டாக ஃபோலிக் அமிலம் வேண்டும்.

இரும்பின் வேலை

ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. நுரையீரலில் பிராணவாயுவைப் பிடித்துக்கொண்டு செல்லின் வாசலில் இறக்கிவிடுவது அதுதான். அத்துடன் இரும்பின் வேலை முடிந்ததா? இல்லை. அடுப்புக்குள்ளே வரிசையாக நிற்கின்றனவே நொதிகள், அவற்றில் பலவற்றின் நடுவிலும் இரும்பு இருக்கிறது. புண்ணைக் கழுவ ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றும்போது நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பொங்க வைப்பதும் இரும்புள்ள ஒரு நொதிதான். ஆகவே இரும்பு குறைந்தால் நஷ்டம் இரண்டு பக்கம்: அடுப்புக்குக் காற்றும் குறைகிறது, அடுப்பின் வேலையாட்களும் குறைகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் அளவு இறங்குவதற்கு முன்பே சிலருக்கு அசதி வருவது இதனால்தான்.

இத்தனை வேலை செய்யும் இரும்பு நம் உடம்பில் எவ்வளவு தெரியுமா? மொத்தமும் சேர்த்தால் அரைப் பவுன் எடை தேறாது. ஒரு பிரசவத்துக்கு மட்டும் தாய்க்கு ஏறத்தாழ ஒரு கிராம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. குழந்தைக்கு, நஞ்சுக்கொடிக்கு, பெருகுகிற ரத்தத்துக்கு என்று பங்கு போகிறது. மாதவிலக்கிலும் போகும். கொக்கிப் புழுவும் குடிக்கும். செருப்பில்லாமல் ஈரக் கொல்லையில் நடந்தால் அந்தப் புழு காலைத் துளைத்து ஏறும். 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. நம் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒருவருக்கு இருக்கக்கூடும்!

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் அது ஆபத்து. பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் ரத்தத்தைக் கூட அந்த உடம்பு தாங்காது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொரு சங்கதி. அடுப்பின் நொதிகளுக்கு உதவியாளாக பி வைட்டமின்களும் வேண்டும். நெல்லை அவித்துக் குத்தும்போது தவிட்டில் உள்ள தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடும். முன்பு தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கலரிசி சாப்பிட்ட நம் பக்கம் பெரும்பாலும் தப்பியது. ஆனால் வடித்த கஞ்சியைச் சாக்கடையில் கொட்டுகிறோமே, அதில் பாதிச் சத்து போய்விடுகிறது. கஞ்சியில் உப்புப் போட்டுக் குடியுங்கள்.

மாத்திரை சாப்பிடும் விதம்

"மாத்திரை தின்னா புள்ள பெருத்துடும், கறுத்துடும்" என்று சொல்லிக் கூரையில் செருகி வைப்பவர்கள் உண்டு. பிள்ளையின் நிறம் பெற்றோரிடமிருந்து வருவது. கறுத்துப் போவது மலம் மட்டுமே. குடல் உறிஞ்சாத இரும்பு அப்படி வெளியேறுகிறது. பயமில்லை.

நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள். குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். காபி, டீ குடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வேண்டாம். அவை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாக உறிஞ்சும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுவரொட்டி, மீன் எது கிடைக்கிறதோ அது. முந்திரி உடைக்கப் போகிறவர்கள் கூலிக்கு உடைப்பதோடு நாலு பருப்பை வாயிலும் போட்டுக்கொள்ளலாம், முதலாளி கோபிக்க மாட்டார்!

ஒரு மாதம் சாப்பிட்டும் ரத்தம் ஏறாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். எல்லா அசதியும் இரும்புக் குறைவால் வருவதில்லை. தைராய்டு குறைந்தாலும், சர்க்கரை நோய் இருந்தாலும், பி12 வைட்டமின் போதாவிட்டாலும் இதே மாதிரிதான் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துச் சொல்வார்கள், காசு கிடையாது.

மாத்திரை அட்டையைக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்தை விழுங்கினால் சிறு பிள்ளைக்கு அது விஷம். விழுங்கிவிட்டது தெரிந்தால், வாந்தி வருகிறதா பார்ப்போம் என்று காத்திராமல், மிச்ச அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு 108 வண்டியில் ஏறிவிடுங்கள்.