இடது தோளுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி

நாள் முழுக்கத் தமிழ்ப் பாடல்களை ஒலிபரப்பும் எனக்கும் ஜான் டென்வரை நன்றாகத் தெரியும். கையில் கித்தாருடன் நான்கு பேர் கூடினால், ‘கண்ட்ரி ரோட்ஸ்’ பாடாமல் நம் ஊரில் யாரும் கலைவதில்லை. அவர் விமான விபத்தில் இறந்ததும் பலருக்குத் தெரியும். ஆனால் அந்த விமானம் தொழிற்சாலையில் செய்யப்பட்டதல்ல, தனிநபர் ஒருவர் தம் கையால் கட்டியது என்று சொன்னால் வியப்பவர்களே அதிகம்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இடம் தருகிறது. வீட்டுக் கார் கொட்டகையிலேயே விமானம் கட்டலாம். பாதிக்கு மேற்பட்ட வேலையை ஆர்வலர்களே கற்பதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்திருக்க வேண்டும். விமானத்தில் ‘சோதனை வகை’ என்ற அடையாளமும் இருக்க வேண்டும். டென்வர் வாங்கியது ‘லாங்-ஈஸி’ என்ற இரண்டு இருக்கை விமானம். புகழ்பெற்ற வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டான் வரைந்த திட்டப்படத்தைப் பார்த்து ஆர்வலர்கள் கட்டுவது. இயந்திரம் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எரிபொருள் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என இரண்டு தொட்டிகளில் இருக்கும். எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பது என்பதை ஒரு கைப்பிடியைத் திருப்பி மாற்ற வேண்டும்.

ரூட்டானின் திட்டப்படி, அந்தக் கைப்பிடி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். இந்த விமானத்தைக் கட்டியவரோ எரிபொருள் குழாய் விமானி அமரும் அறைக்குள் வரவேண்டாம் என்று நினைத்தார். பாதுகாப்பை எண்ணித்தான் அப்படிச் செய்தார். கைப்பிடி விமானியின் இடது தோளுக்குப் பின்னால் போய்விட்டது. எந்தப் பக்கம் திருப்பினால் எந்தத் தொட்டி என்ற குறியீடும் அதில் இல்லை.

1997 அக்டோபர் 12. டென்வருக்கு வயது 53. 2,700 மணி நேரத்துக்கும் மேல் விமானம் ஓட்டியவர். இந்த விமானத்தில் மட்டும் முந்தைய நாள் அரை மணி நேரம் போலப் பழகியிருந்தார். கலிபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்தில் தொழில்நுட்பர் ஒருவருடன் அந்தக் கைப்பிடியைப் பற்றிப் பேசினார். எட்டவில்லையே என்று இடுக்கியை மாட்டி நீட்டிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. எரிபொருள் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றார்.

மாலை 5.12க்குக் கிளம்பிய விமானம், சுமார் கால் மணி நேரத்தில் பசிபிக் குரோவ் கரையோரம் கடலில் விழுந்தது. இயந்திரம் ‘டப்’ என்று ஒலித்துச் சத்தம் குறைந்ததைக் கரையில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது இதுதான்: அந்தக் கைப்பிடியைத் தொட விமானி வலக்கையை ஓட்டுக்கோலிலிருந்து எடுக்க வேண்டும், தோள்வாரைத் தளர்த்த வேண்டும், உடம்பை இடப்பக்கம் முழுக்கத் திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தானாகவே மிதிகட்டையை அழுத்தும். விமானம் பக்கவாட்டில் திரும்பிக் கட்டுப்பாட்டை இழக்கும். எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியதையும், கைப்பிடி இருந்த இடத்தையும், போதிய பழக்கம் இல்லாததையும் சேர்த்தே வாரியம் காரணங்களாகக் காட்டியது.

இயந்திரம் நின்றவுடன் விமானம் கல்லைப்போல விழுந்துவிடாது. மேட்டிலிருந்து மிதிக்காமல் இறங்கும் மிதிவண்டியைப்போல, உயரத்தைக் கொடுத்துத் தூரத்தைப் பெற்றுக்கொண்டு சறுக்கிக்கொண்டே வரும். அதனால்தான் விமானிகளுக்கு ஒரு வரிசை கற்பிக்கப்படுகிறது: முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு வழியைப் பார், அதற்கும் பிறகு பேசு. பேசியே பிழைக்கும் எனக்கு, பேச்சுக்கு மூன்றாம் இடம் என்பது முதலில் கொஞ்சம் உறுத்தியது. யோசித்தால் நியாயம்தான். அந்தக் கைப்பிடியோ ‘முதலில் ஓட்டு’ என்பதையே முடியாமல் செய்துவிட்டது.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அதே வாரியம் 2012இல் ஆர்வலர் கட்டும் விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவின் தனியார் சிறு விமானங்களில் இவை ஏறக்குறைய 10 விழுக்காடு. ஆனால் 2011இல் நடந்த உயிர்ப்பலி விபத்துகளில் 21 விழுக்காடு இவற்றுடையவை. இயந்திரச் சக்தி இழப்பும் வானில் கட்டுப்பாட்டை இழப்பதும்தான் முன்னணியில் நின்றன. விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல், கட்டியவரிடமிருந்து கைமாறியவை. கட்டியவருக்குத் தம் விமானத்தின் ஒவ்வொரு திருகும் தெரியும். வாங்குபவருக்கு விமானம் மட்டுமே கிடைக்கிறது. அந்த அறிவு சேர்ந்து வருவதில்லை. பறப்பதற்கு முன்பே எரிபொருள் அமைப்பை முழுமையாகச் சோதிக்க வேண்டும், புதிய உரிமையாளருக்குப் பயிற்சி வேண்டும் என்றெல்லாம் வாரியம் வலியுறுத்தியது இதனால்தான்.

நம்மில் பெரும்பாலோர் விமானம் வாங்கப்போவதில்லை. ஆனால் இன்னொருவர் குடியிருந்த வீட்டை வாங்குகிறோம்; இன்னொருவர் மாற்றியமைத்த காரை ஓட்டுகிறோம். சாவியை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: தண்ணீரை நிறுத்தும் திருகு எங்கே, மின்சார முதன்மை விசை எங்கே, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், இருட்டில் கைக்கு எட்டுமா? அப்போது கேட்டால் ஐந்து நிமிட வேலை. 500 அடி உயரத்தில் அதற்கு நேரம் கிடையாது.