பிறசருக்கும் பேஸ்மேக்கரா?
(தொடர் – 9)

1958 ஒக்டோபர் 8ஆம் திகதி, ஸ்டொக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் உலகின் முதல் பேஸ்மேக்கர் வைக்கப்பட்ட கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கருவி சில மணி நேரமே ஓடியது. அவரோ 20க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்து, 2001 வரை, 86 வயது மட்டும் வாழ்ந்தார். அக்காலத்துக் கருவிக்கு ஒரே வேலைதான்: மந்தமாகிப்போன துடிப்பை வேகப்படுத்துவது. இன்று அதே வம்சத்துக் கருவிகளிடம் வேறு இரண்டு வேலைகளையும் எதிர்பார்க்கிறார்கள். ஒன்று, களைத்துப்போன இதயத்தை நிமிர்த்துவது. மற்றது, ஏறிய பிறசரை இறக்குவது. முதலாவது நிரூபணமான வைத்தியம். இரண்டாவது இன்னும் பரிசோதனையில்தான் இருக்கிறது. இந்த வித்தியாசம் விளங்காமல் யாரும் காணியை ஈடு வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

முதலில், களைத்த இதயம் என்றால் என்ன? வாவியில் வலை போட்டு வாழும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போன வருடம் தனியாளாகத் தோணியைத் தள்ளி இறக்கியவர், இப்போது வீட்டு வாசலில் இருந்து கரைக்குப் போவதற்குள் இரண்டு தரம் நிற்கிறார். பின்னேரமானால் கால் வீங்குகிறது. கணைக்காலின் முன் எலும்பின் மேல் பெருவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் குழி விழுகிறது. அது உடனே நிரம்பாமல் அப்படியே கிடக்கிறது. ஒரு தலையணை இரண்டாகி, மூன்றாகிறது. நடுச்சாமத்தில் மூச்சு முட்டி எழும்பி, யன்னலைத் திறந்துவிட்டுக் குந்தியிருக்கிறார். வீட்டார் தொய்வு என்று நினைத்து ஆவி பிடிக்க வைப்பார்கள். நுரையீரலில் நீர் தேங்குவதுதான் உண்மையான காரணம். இதயம் இரத்தத்தை முன்னே தள்ள மாட்டாமல் நிற்கிறது.

இந்த நிலைக்கு ஆளைக் கொண்டுவருவதில் மாரடைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதே அளவு பெரிய பங்கு, பல வருடம் கவனிக்காமல் விட்ட பிறசருக்கும் உண்டு. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இடது கீழறையின் தசை தடிக்கிறது, விறைக்கிறது, கடைசியில் தளர்ந்து விரிகிறது.

இப்படித் தளர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இன்னொரு கோளாறும் சேர்ந்திருக்கும். இதயத்தின் இடப்பக்கத்துக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் பாதை அடைபட்டிருக்கும். வலது கீழறை முந்திச் சுருங்க, இடது கீழறையின் வெளிச்சுவர் பிந்திச் சுருங்கும். தோணியின் இரு பக்கத்திலும் இருப்பவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் துடுப்புப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும்: பாடு பெரிது, ஓட்டம் இல்லை. இவர்களுக்குத்தான் சி.ஆர்.டி. எனப்படும் விசேட பேஸ்மேக்கர். கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே, தோலுக்குள் கருவி. அதிலிருந்து வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் ஒவ்வொரு வயர் போகும். மூன்றாவது வயரை இதயத்தின் சொந்த இரத்த நாளம் ஒன்றின் வழியாக நுழைத்து, இடது கீழறையின் வெளிப்புறத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். கைநுட்பம் முழுவதும் வேண்டியது அந்த மூன்றாவது வயருக்குத்தான். பிறகு இரண்டு கீழறைகளும் ஒன்றாகத் துடிக்கும்.

பலன் எவ்வளவு? 2005இல் வெளியான கெயார்-எச்.எஃப். என்ற ஐரோப்பிய ஆய்வில் 813 பேர் இருந்தார்கள். எல்லோரும் குளிசை எடுத்தவர்களே. குளிசை மட்டும் எடுத்தவர்களில் 30 வீதமானோர் இறந்தார்கள். கருவியும் வைத்தவர்களில் 20 வீதம். ஆனாலும் எல்லோருக்கும் இது பொருந்தாது. எக்கோவில் இதயம் பம்ப் பண்ணும் அளவு 35 வீதமோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும். ஈ.சி.ஜி.யில் கீழறை அலையின் அகலம் 150 மில்லிசெக்கனோ அதற்கு மேலோ போனவர்களுக்கே பலன் மிகத் தெளிவு. தகுதி பார்த்து வைத்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பெரிய மாற்றம் தெரிவதில்லை.

பிறசர் விஷயத்துக்கு வருவோம். கழுத்தின் இரு பக்கமும், மூளைக்குப் போகும் பெரிய குழாய் பிரியும் இடத்தில், அழுத்தத்தை அளந்து மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் உண்டு. அவற்றை மின்சாரத்தால் தூண்டினால், பிறசர் கூடிவிட்டதென்று மூளை எண்ணி, நாளங்களைத் தளர்த்திவிடும். இதற்காகச் செய்த ரியோஸ் என்ற கருவி, 2011இல் வெளியான பெரிய ஆய்வில் தன் முக்கிய இலக்குகள் எல்லாவற்றையும் எட்டவில்லை. அதன் சிறிய வாரிசான பாரோஸ்டிமுக்கு 2019இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது; அதுவும் இதயப் பலவீனத்துக்கே, பிறசருக்கு அல்ல. இன்னொரு வழி, சாதாரண பேஸ்மேக்கரிலேயே மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான நேரத்தைக் கூட்டிக் குறைத்து அழுத்தத்தை இறக்குவது. 47 பேரிடம் செய்த ஆய்வில், ஒப்பீட்டுக் குழுவைவிட ஏறத்தாழ 8 புள்ளி கூடுதலாக இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் அந்த 47 பேரும் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே பேஸ்மேக்கர் தேவைப்பட்டவர்கள். பிறசருக்காக மட்டும் ஒருவரின் நெஞ்சைக் கீறும் காலம் இன்னும் வரவில்லை.

நம் நாட்டிலேயே கிடைத்த பதில் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை. 2018இல் வெளியான டிரையம்ப் ஆய்வு இலங்கையின் வைத்தியசாலைக் கிளினிக்குகளில், 700 பேரிடம் நடத்தப்பட்டது. மூன்று பிறசர் மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 70 வீதமானோருக்கு பிறசர் இலக்குக்குள் வந்தது. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 55 வீதம்தான். கத்தி இல்லை, பற்றரி இல்லை.

ஆனால் குளிசை வீட்டில் இருந்தால் போதாது, வயிற்றுக்குள் போக வேண்டும். மண்டூரிலிருந்து பாதைப் படகேறிக் குருமண்வெளிக்கு வந்து, வரிசையில் நின்று, கிளினிக் கொப்பியோடு கடதாசி உறைகளில் வாங்கிப்போன குளிசை பாதியில் நின்றுவிடுகிறது. கேட்டால் வருகிற பதிலைப் படுவான்கரையில் எந்த வீட்டிலும் கேட்கலாம்: “பிறசர் இறங்கிற்று மனே, மறுகா என்னத்துக்குக் குளிசை?” குளிசை எடுப்பதால்தான் அது இறங்கியிருக்கிறது. நிறுத்தினால் சத்தமில்லாமல் ஏறும். தலையிடி வரும், அப்போது பார்ப்போம் என்று காத்திருப்பவருக்கு முதல் அடையாளமே பாரிசவாதமாக வந்துவிடலாம். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிடைக்காமல் விட்டவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கிடைக்கும்போது விடுவதைத்தான் தாங்க முடியவில்லை.

உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, என்கிறது உலக சுகாதார அமைப்பு. கருவாட்டாணம் வைக்கும் நாளில் அந்தக் கணக்கு காலைச் சாப்பாட்டோடேயே முடிந்துவிடும்.

வீட்டில் கால் வீங்கி, மூச்சு முட்டும் ஒருவர் இருந்தால் அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். வைத்தியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எக்கோவில் இதயம் எத்தனை வீதம் பம்ப் பண்ணுகிறது? ஈ.சி.ஜி.யில் இடப்பக்கப் பாதை அடைபட்டிருக்கிறதா? விடைகளைக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். சி.ஆர்.டி. வேண்டுமா, வேண்டாமா என்று வைத்தியர் முடிவெடுப்பது அந்த இரண்டையும் பார்த்துத்தான். அது மட்டும், அதற்குப் பிறகும், குளிசையை நிறுத்தாதீர்கள்.