தலைமுறை தாங்கும் மந்தைக்கு மேய்ச்சல் தரையே வேர்

கால்நடைச் செல்வத்தைத் தேடுவது அரிதன்று. தேடிய செல்வத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குன்றாமல் காப்பதே அரிது. நல்ல காளை ஒன்றை விலைகொடுத்து வாங்கிவிடலாம். அதன் குணம் சந்ததியில் நிலைக்க வேண்டுமாயின் மூன்று வேண்டும்: தேர்ந்த பொலிகாளை, நிலையான மேய்ச்சல் தரை, கன்றை வாங்குவோர். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மந்தை கலைந்துவிடும். இதற்குச் சான்றுகள் நம் மாநிலத்திலேயே உள்ளன.

பழையகோட்டை மந்தை

திருப்பூர் மாவட்டம் காங்கேயத்தை அடுத்த பழையகோட்டையின் பட்டக்காரர் குடும்பம், காங்கேய மாடுகளை வழிவழியாக வளர்த்துப் புகழ்பெற்றது. அக்குடும்பத்தைச் சேர்ந்த நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் தம் மந்தையில் பொலிகாளைகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதாலேயே இவ்வினம் மேம்பட்டது எனக் கால்நடை நூலோர் கூறுவர். காங்கேயக் கன்று செந்நிறமாகப் பிறந்து, சுமார் ஆறு மாதத்தில் நிறம் மாறும். பசு நாளொன்றுக்குத் தருவது இரண்டு லிட்டர் அளவுப் பாலே. ஆனால் கவலை இறைக்கவும், பாரவண்டி இழுக்கவும் காங்கேய எருதுக்கு நிகர் அரிது.

மழை குறைந்த அந்த வறண்ட பகுதியில் மந்தை எவ்வாறு தழைத்தது? ‘கொறங்காடு’ எனப்படும் மேய்ச்சல் காடே அதற்குக் காரணம். உழவர் தம் மானாவாரி நிலத்தைச் சுற்றி முட்கிளுவையால் உயிர்வேலி அமைப்பர். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல மரங்களும் வளரும். மழைக்காலத்தில் புல்லும், கோடையில் வெள்வேலங் காய்களும் மாட்டுக்கு உணவாகும். மரநிழல் வெயிலைத் தணிக்கும். நிலத்தைப் பல அடைப்புகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய விடுவதால் புல் மீண்டும் தழைக்கும். வேலி இருப்பதால் மேய்ப்பவனுக்குக் கூலியும் மிச்சம்.

குதிரை கற்பிக்கும் பாடம்

ஓசூரில் உள்ள அரசுக் கால்நடைப் பண்ணை 1824இல் படைக்குக் குதிரைகள் வளர்ப்பதற்கென்றே தோன்றியது. பின்னர் 1924இல் கால்நடைத் துறையின் வசம் வந்து மாட்டுப் பண்ணையாயிற்று. குதிரைக்குத் தேவை குறைந்ததும் அதன் வளர்ப்பும் சுருங்கிற்று. ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் சந்தையில் மாடுகளுடன் குதிரைகளும் இன்றும் விலைபேசப்படுகின்றன. நம் புதுக்கோட்டைச் சீமையிலோ குதிரையைப் பெரும்பாலும் ஐயனார் கோயில் வாயில்களிலேயே காண்கிறோம். கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் உயர்ந்து நிற்கும் குதிரைச் சிலையை அறியாதார் இலர். நாட்டு மாடும் சிலையில் மட்டுமே எஞ்சும் நிலை வரலாகாது.

டிராக்டரும் பம்புசெட்டும் வந்தபின் எருதின் வேலை குறைந்தது. ஆயினும் நம் மாவட்டத்தில் ஒரு தேவை நிலைத்திருக்கிறது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் தச்சங்குறிச்சியில்தான் நடைபெறுகிறது. 2014இல் தடைபட்ட இவ்விழாவுக்கு 2017இல் மாநிலச் சட்டத் திருத்தம் வழிசெய்தது; 2023 மே மாதம் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. காளைக்கு மதிப்பு உண்டு; ஆனால் காளையை ஈனும் பசுவை யார் காப்பது? பால் குறைந்த அப்பசுவுக்குத் தீவனம் அனைத்தையும் விலைகொடுத்து வாங்கிப் போட்டால் உழவனுக்குக் கட்டாது. அது மேய்ந்து பிழைக்க வேண்டிய உயிர். மேய்ச்சல் தரை போனால் பசு போகும். பசு போனால் காளையும் போகும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி மேய்ச்சல் புறம்போக்கு கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் உள்ளது. ஊர்ப் பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை நீக்க வேண்டும் என உச்சநீதிமன்றம் 2011 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. எனவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டுகிறோம்.

முதலாவது, கிராமக் கணக்கைப் பார்த்து மேய்ச்சல் புறம்போக்கின் சர்வே எண்களையும் பரப்பையும் கிராம சபையில் படித்துக் காட்டுதல். எல்லைக் கல் நாட்டுதல்.

இரண்டாவது, சீமைக்கருவேலை வேரோடு அகற்றி, முதல் மழைக்குக் கொழுக்கட்டைப் புல் விதைத்தல். ஓரங்களில் கிளுவைப் போத்து நடுதல். உள்ளே வெள்வேலங் கன்று வைத்தல். புல் வேரூன்றும் வரை மாடுகளை உள்ளே விடலாகாது. பின்னர் நிலத்தை மூன்று, நான்கு பகுதிகளாக்கி முறைவைத்து மேய்க்க வேண்டும்.

மூன்றாவது, ஊருக்குப் பொதுவாகப் பொலிகாளை வைத்திருந்தால் ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கொருமுறை அயலூர்க் காளையோடு மாற்றிக்கொள்ளுதல். இல்லையேல் காளை தன் கிடேரிகளோடே சேர்ந்து, கன்றுகள் நலிந்துவிடும். எந்தப் பசு எந்தக் காளைக்கு ஈன்றது என்பதை ஒரு நோட்டில் குறித்துவைப்பது நலம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும், புதுக்கோட்டை மாவட்டக் கால்நடைப் பண்ணையிலும் ஆலோசனை கேட்டறியலாம்.

காங்கேயம் பகுதியைவிட நமக்கு மழை மிகுதி. குறைந்த மழையில் அவர்கள் வளர்த்த புல்லை நாமும் வளர்க்க இயலும். பழையகோட்டையில் ஒரு குடும்பம் செய்ததை இங்கு ஓர் ஊரே கூடிச் செய்யலாம். வரும் கிராம சபையிலேயே மேய்ச்சல் தரையின் கணக்கைக் கேட்போம். நம் பேரர்களுக்கும் மந்தையை விட்டுச் செல்வோம்.