ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா? ஹெட் கேஸ்கட்டைக் கவனியுங்கள்

சேற்றுழவு மும்முரமாக நடக்கும்போது டிராக்டர் சூடேறினால், ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிவிட்டு மீண்டும் ஓட்டுவது பலரின் வழக்கம். வெளியே ஒழுகாமலே தினமும் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். கவனிக்காமல் ஓட்டினால், கேஸ்கட் மாற்றுவதோடு முடிய வேண்டிய செலவு இன்ஜினை முழுதாகப் பிரிக்கும் அளவுக்குப் போய்விடும்.

இன்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே உள்ள தகடுதான் ஹெட் கேஸ்கட். எரிந்த வாயு, தண்ணீர், ஆயில் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுப்பது இதன் வேலை.

கண்டறியும் முறை

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். தண்ணீரை முழுதாக நிரப்பி, மூடியைப் போடாமல் இன்ஜினை இயக்கவும். முதலில் வரும் சில குமிழ்கள் உள்ளே தங்கிய காற்றாக இருக்கலாம். தொடர்ந்து குமிழ்கள் வந்து, வேகத்தைக் கூட்டும்போது அதிகரித்தால் கேஸ்கட் கசிவோ, ஹெட்டில் விரிசலோ இருக்கிறது. இன்ஜின் சூடான பின்பும் சைலன்சரில் வெள்ளைப் புகை வருவது மற்றோர் அறிகுறி.

ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதன்பின் இன்ஜினை இயக்கக் கூடாது. குமிழ்கள் இல்லாமல் ஆயில் மட்டும் இப்படி மாறினால், லைனரின் அடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் சந்தேகிக்க வேண்டும். அது பழுதென்றால் கேஸ்கட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

* ஆறிய இன்ஜினில் தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுப்பகுதி நோக்கிப் படிப்படியாகத் தளர்த்தவும்.
* புஷ் ராடுகளைக் கழற்றிய வரிசையிலேயே வைக்கவும்.
* ஹெட்டின் அடிப்பரப்பில் நேரான இரும்புப் பட்டையை வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளியைப் பார்க்கவும். கையேட்டில் உள்ள அளவைத் தாண்டினால் பட்டறையில் சமப்படுத்த வேண்டும்.
* பழைய கேஸ்கட்டை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.
* போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று சுற்றுகளில், டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கவும்.
* வால்வு இடைவெளியைச் சரிசெய்யவும். தண்ணீர் கலந்திருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றவும்.

டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் கழற்றும் வேலையில் இறங்காமல், சோதனையை மட்டும் வீட்டில் செய்துவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே நல்லது.

இன்ஜின் ஏன் சூடேறியது என்பதையும் பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் அடைத்த தூசி, வைக்கோல் துணுக்குகள், தளர்ந்த ஃபேன் பெல்ட் ஆகியவற்றைச் சரிசெய்யாவிட்டால் புது கேஸ்கட்டும் விரைவில் போய்விடும்.