உஷார்! உங்கள் பிள்ளை வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடுகிறதா?

ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறதா உங்கள் பிள்ளை? அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இன்று சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ஏழெட்டு எவ்வளவு?"

56 என்று சட்டென வந்தால் சரி. கண் மேலே போய், உதடு மட்டும் அசைந்து, ஏழு, பதினாலு, இருபத்தொன்று என்று முதலிலிருந்து ஆரம்பித்தால் உஷார்! மனதில் இருப்பது பாட்டு, பெருக்கல் அல்ல. நடுவில் நீங்கள் "குழம்பு ஊத்தவா?" என்று கேட்டால் போதும், அது மறுபடி ஏழிலிருந்துதான் தொடங்கும். "செவன் ஒன்ஸ் ஆர் செவன்" என்று ஆங்கில வழியில் பாடும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான்.

இரண்டாம், மூன்றாம் வகுப்பில் இந்த ஓட்டை வெளியே தெரியாது. வாய்ப்பாட்டை வரிசையாக எழுதச் சொல்வார்கள், பிள்ளையும் முழு மதிப்பெண் வாங்கிவிடும். வகுத்தல் வரும்போதுதான் ஆபத்து.

406-ஐ 7-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 40-க்குள் ஏழு எத்தனை தடவை போகும்? பாட்டு தொடங்குகிறது, 42 வந்ததும் பின்வாங்கி 5 என்று எழுதுகிறது. மீதி 5. பக்கத்தில் 6-ஐ இறக்கினால் 56. மறுபடி பாட்டு. அது முடிவதற்குள் மீதி எவ்வளவு, எந்த இலக்கத்தை இறக்கினோம் என்பதெல்லாம் மறந்துபோகிறது. விடை தப்பு. 'வகுத்தல் தெரியவில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு வகுக்கும் முறை தெரியும், வாய்ப்பாடுதான் காலை வாரியது.

2024-இல் நாடு முழுவதும் கிராமப்புறங்களில் நடந்த 'அசர்' ஆய்வில், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்குச் சுமார் முப்பது பேர்தான். வாய்ப்பாடு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கைவசம் இல்லாமல் வகுத்தலும் வராது, பின்னமும் வராது, மீச்சிறு பொது மடங்கும் வராது. 'இவனுக்குக் கணக்கு வராது' என்ற முத்திரை விழுவது அப்போதுதான்.

இதைப் படித்துவிட்டுப் பிரம்பை எடுக்காதீர்கள், கடிகாரத்தையும் வைக்காதீர்கள். பயந்த பிள்ளைக்குத் தெரிந்த விடையும் மறந்துபோகும். பத்துத் தடவை எழுதச் சொல்வதும் வீண். அது அந்த வரிசையைத்தான் இன்னும் இறுக்கும்.

சுமை நாம் நினைப்பதைவிடச் சின்னது. பத்து வாய்ப்பாட்டில் பத்துப் பத்தாக நூறு பெருக்கல். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து எல்லாம் சீக்கிரம் பிடிபடும். முட்டைக்கடை அட்டையைக் காட்டுங்கள்: ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி. திருப்பி வைத்தால் ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. இரண்டும் 30தான். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை 7×8, 8×7 இரண்டையும் தனித்தனியாகப் படிக்காது. ஆக, உண்மையில் உழைக்க வேண்டியது 21 பெருக்கல்களுக்கு மட்டும்.

அவற்றையும் தெரிந்ததிலிருந்தே பிடிக்கலாம். நாலேழு 28, அதை இரட்டித்தால் எட்டேழு 56. ஐயேழு 35, இன்னொரு ஏழு சேர்த்தால் ஆறேழு 42. பத்தேழு 70, ஒரு ஏழு கழித்தால் ஒன்பதேழு 63. துண்டுச்சீட்டுகளில் எழுதி, நாளுக்கு இரண்டு மூன்று புதியது, பழையதோடு கலைத்துப்போட்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். தடுமாறினால் யோசிக்க நேரம் கொடுங்கள்.

ஆசிரியர்களே, அடுத்த தேர்விலாவது வாய்ப்பாட்டை வரிசையாகக் கேட்காமல் கலைத்துக் கேளுங்கள். பெற்றோர்களே, நான்காம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள். பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.