பட்டுக்கூட்டுக் கணக்கும் ஆரணித் தறியும்

ஆரணி என்றவுடன் அரிசியும் பட்டும் நினைவுக்கு வருவது இயல்பு. இவ்விரண்டில் அரிசிக் கணக்கு நமது நிலமுடையோருக்கு நன்கு தெரிந்தது. ஒரு மூட்டை நெல்லை ஆலைக்கு அனுப்பினால் எவ்வளவு அரிசி காணும், நொய் எவ்வளவு விழும் என்பதை அவர்கள் நெல்லைக் கையிலெடுத்துப் பார்த்தே மதிப்பிட்டு விடுவார்கள். ஆனால் பட்டுக்கூட்டைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் விவசாயியை நோக்கி, “உமது கூடு எத்தனை கிலோ சேர்ந்தால் ஒரு கிலோ நூல் கிடைக்கிறது?” என்று வினவினால், பெரும்பாலோர் விடையளிப்பதில்லை. கூட்டின் விலையைப் பெரிதும் நிர்ணயிப்பது அந்த எண்ணேயாகும்.

மல்பெரித் தோட்டத்தில் பறிக்கப்படும் இலை, புழுவாகவும் கூடாகவும் மாறி அங்காடியை அடைகிறது. அங்கே நூற்பாளர் அதை ஏலத்தில் எடுத்துக் கச்சாப் பட்டாக்குகிறார். பின்பு முறுக்குப் பட்டறை, சாயப் பட்டறை ஆகியவற்றைக் கடந்து அது நெசவாளரின் பாவாகவும் ஊடையாகவும் ஆகிறது. ஆரணித் தறிகளுக்குக் கர்நாடகத்திலிருந்தும் நூல் வருகிறது. இவ்வளவு கைகள் மாறும் சரக்கில், ஒருவர் செய்த பிழை அடுத்தவர் தலையில் விடிகிறது. செய்தவருக்கோ அச்செய்தி எட்டுவதேயில்லை. பாவு அடிக்கடி அறுந்தால் நெசவாளர் முடிச்சுப் போட்டுக்கொண்டு நாளைக் கழிக்கிறார். புடவைக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவருக்கு அந்த நேரம் முழுவதும் நஷ்டமே. அந்த அறுதலின் மூலகாரணம் சில சமயங்களில், புழு கூடு கட்டிய கொட்டகையில் காற்றோட்டம் இல்லாமற் போனதேயாகும் என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

ஒரு கிலோ கச்சாப் பட்டுக்குத் தேவையான கூட்டின் எடையை ‘ரெண்டிட்டா’ என்று இத்தொழிலில் வழங்குகிறார்கள். நல்ல வெண்பட்டுக் கூட்டில் இது சுமார் 6 முதல் 6½ வரை இருக்கும். கலப்பினக் கூட்டில் 7½ அல்லது 8 ஆகும். உதாரணமாக, இரண்டு விவசாயிகள் ஆளுக்கு 70 கிலோ வெண்பட்டுக் கூடு கொண்டு வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் கூட்டின் ரெண்டிட்டா 6½. மற்றவருடையது, பராமரிப்புக் குறைவால், 8. முன்னவர் கூட்டில் ஏறக்குறைய 10¾ கிலோவும் பின்னவர் கூட்டில் 8¾ கிலோவும் நூல் கிடைக்கும். இருவரும் நிறுத்துக் கொடுத்தது ஒரே எடை. வித்தியாசமோ 2 கிலோ பட்டு! இது முன்கூட்டித் தெரியாத நூற்பாளர், தமக்கு நேரக்கூடிய நஷ்டத்தை உத்தேசித்து இரண்டு குவியல்களுக்கும் தாழ்த்தியே விலை கேட்பார். ஆதலால் நல்ல கூடு வளர்த்தவரும் மட்டமான கூட்டின் அபராதத்தில் பங்கு செலுத்துகிறார்.

அளந்து பார்ப்பதால் பட்டுத் தொழில் பிழைத்த வரலாறு உண்டு. பிரான்ஸ் தேசத்தில் பெப்ரைன் என்னும் நோய் புழுக்களை அழித்துவந்தபோது, லூயி பாஸ்டர் 1865 முதல் அதை ஆராய்ந்து, முட்டையிட்ட ஒவ்வொரு தாய் அந்துப்பூச்சியையும் உருப்பெருக்கியில் பார்த்து, நோயுள்ளவற்றின் முட்டைகளை ஒதுக்கும் முறையை வகுத்தார். இன்று நாம் நோயற்ற முட்டைத் தொகுதி என்று வாங்குவது அம்முறையின் பயனே. அதற்கு முன்பே, 1805-ல், லியோன் நகரில் பட்டின் ஈரத்தை அளந்து எடையை உறுதி செய்யும் நிலையம் ஏற்பட்டது. பட்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே முற்றும் உலர்ந்த 100 கிலோ பட்டை 111 கிலோவாகக் கணக்கிடுவது வியாபார வழக்கு. ஈரப் பட்டை விற்று லாபம் பார்க்கும் தந்திரம் அத்துடன் செல்லாததாயிற்று.

நமது விவசாயி குறித்து வைக்க வேண்டியவை அதிகமில்லை. முட்டைத் தொகுதிகளின் எண்ணிக்கை, புழு பொரித்த தேதி, போட்ட தழையின் எடை, கூடு கட்டத் தொடங்கிய நாள், அறுவடை நாள், கூட்டின் எடை, ஒதுக்கிய கூடு, கிடைத்த விலை ஆகியவை போதும். இவற்றுள் கூடு கட்டும் நாட்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். இலையும் இனமும் நன்றாக இருந்தும் ரெண்டிட்டா கெடுவதற்கு அந்த நாட்களில் நேரும் அசட்டையே பெரும்பாலும் காரணம். புழு கூடு கட்டும் இடத்தில் வெப்பம் 24, 25 டிகிரி சென்டிகிரேடு அளவிலும், ஈரப்பதம் 60 முதல் 65 சதவிகிதமாகவும் இருப்பது நலம். மழைக்காலத்தில் சன்னல்களைச் சாத்திவைத்தால், புழுவின் சிறுநீர் ஆவியாகி ஈரம் மிகுந்து, இழையின் பசை இறுகிப் போகும். நூற்கும்போது இழை அறுந்துகொண்டே வரும். வெண்பட்டுக் கூட்டை ஆறாவது, ஏழாவது நாளில் எடுக்க வேண்டியிருக்க, நல்ல விலை வந்ததென்று நாலாம் நாளே எடுப்பாரும் உளர். உள்ளே கூட்டுப்புழு முற்றாமையால் வழியில் நசுங்கிக் கூடு கறைபடுகிறது. மாறாகத் தாமதித்தால் எடை குறையும். அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூடு நூற்பதற்கு உதவாது.

பிறருடன் ஒப்பிடும்போது எச்சரிக்கை வேண்டும். வி-1 மல்பெரி, பாசன வசதியுடன் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 60 டன் இலை தரவல்லது என்பர். கிணறு வற்றும் நிலமுடையவர் அதைக் கண்டு மனம் தளர்வதில் அர்த்தமில்லை. அதே மண், அதே நீர், அதே இனம் உடைய அயலாரில் சிறந்தவருடைய கணக்கே அவருக்குப் பொருத்தமான அளவுகோல்.

கிராம அதிகாரிகள் இக்கணக்குகளைத் திரட்டும்போது சராசரியோடு நின்றுவிடலாகாது. 100 முட்டைத் தொகுதிக்கு நான்கு வளர்ப்புகளில் 75 கிலோ வீதமும் நோய் கண்ட ஒன்றில் 10 கிலோவும் கிடைத்தால், சராசரி 62 கிலோ ஆகிறது. ஆனால் 62 கிலோ எந்த வளர்ப்பிலும் கிடைக்கவில்லை. கெட்டுப்போன அந்த ஒன்றை மறைத்தால், நோய் எப்பொழுது, எந்த முட்டைத் தொகுதியில் வந்தது என்பதும் மறைந்துபோகும். தோல்வியை ஏட்டில் எழுத வெட்கப்படுகிறவர்கள் உண்டு. பெயரை விட்டு எண்ணை மட்டும் பலகையில் எழுதினால் அவர்களும் சொல்லுவார்கள்.

ரெண்டிட்டாவைச் சொல்ல நூற்பாளர் தயங்கினால், விவசாயி தம் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குவியலின் பல இடங்களிலிருந்தும், நல்லது கெட்டது பாராமல், 25 கூடுகள் எடுத்து, நகைத் தராசில் நிறுத்தெடுக்க. பின்பு வெட்டிக் கூட்டுப்புழுவை நீக்கி, ஓடுகளை மட்டும் நிறுத்து, அந்த எடையை நூறால் பெருக்கி முதல் எடையால் வகுக்க. கூடுகள் 45 கிராமும் ஓடுகள் 10 கிராமும் இருந்தால் ஓட்டு விகிதம் 22 சதவிகிதமாகும். வெண்பட்டுக்கு இது திருப்திகரமானது. 20-க்குக் கீழே வந்தால், கடைசிப் பருவத்தில் போட்ட தழையின் அளவையும் முதிர்ச்சியையும் ஏட்டில் தேடிப் பார்க்கலாம். அந்த எண்ணைச் சீட்டிலெழுதி மூட்டையோடு அங்காடிக்குக் கொண்டு சென்று, ஏலம் தொடங்குமுன் காண்பிப்பது நல்லது.